வானத்து மண்ணை வீட்டுக்குக் கொண்டு வந்தால்?

சந்திரனுக்குப் போய் வந்த வீரர்களைப் பூட்டி வைத்தது ஏன்? செவ்வாய் கிரகத்து மண் வந்தால் என்ன நடக்கும்?

1969-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி.

பசிபிக் மகா சமுத்திரத்தில் "ஹார்னெட்" என்ற அமெரிக்கப் போர்க் கப்பல் நின்றுகொண்டு இருந்தது. அமெரிக்க ஜனாதிபதி நிக்சனே அதில் வந்து காத்திருந்தார். சந்திரனுக்குப் போன ஆம்ஸ்ட்ராங், ஆல்டிரின், காலின்ஸ் ஆகிய மூன்று பேரும் அன்று திரும்பி வந்தார்கள்.

உலகமே கொண்டாடிய வீரர்கள்! ஆனால் கப்பலில் யாரும் அவர்களுக்கு மாலை போடவில்லை. யாரும் கை குலுக்கவில்லை. ஜனாதிபதிகூட பக்கத்தில் போகவில்லை.

தலை முதல் கால் வரை மூடிய உடை. முகத்தில் முகமூடி. அந்தக் கோலத்தில் மூன்று பேரும் நேராக ஒரு பெரிய வண்டிக்குள் நடந்து போனார்கள். கதவு சாத்தப்பட்டது. வண்டியில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. ஜனாதிபதி ஜன்னலுக்கு வெளியே நின்று பேசினார். வீரர்கள் உள்ளே இருந்து சிரித்தார்கள்.

வண்டியோடு சேர்த்து அவர்களை அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். மனைவிமார் ஓடி வந்தார்கள். அவர்களும் கண்ணாடிக்கு வெளியேதான் நிற்க வேண்டியிருந்தது. ஆகஸ்டு 5-ந் தேதி ஆம்ஸ்ட்ராங்குக்கு 39-வது பிறந்த நாள். பூட்டிய கட்டடத்துக்குள்ளேயே அவருக்குக் கேக் கொடுத்துக் கொண்டாடினார்கள். ஆகஸ்டு 10-ந் தேதி இரவுதான் விடுதலை கிடைத்தது.

அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்? ஒரு குற்றமும் செய்யவில்லை. சந்திரனில் இருந்து மண்ணும் கல்லும் கொண்டு வந்தார்கள். அவ்வளவுதான்!

மண்ணைக் கண்டு பயமா?

அவர்கள் கொண்டு வந்தது 21½ கிலோ. அந்த மண்ணில் நாம் அறியாத நோய்க் கிருமி இருந்தால்? அது மனிதரைத் தாக்கினால்? மாட்டைத் தாக்கினால்? நெல்லையும் கோதுமையையும் தாக்கினால்?

பெரும்பாலான விஞ்ஞானிகள் "சந்திரனில் காற்று இல்லை, தண்ணீர் ஓடவில்லை, அங்கே கிருமி ஏது?" என்றுதான் நினைத்தார்கள். ஆனால் நிச்சயமாகத் தெரியாது. அதற்கு முன்பு யாரும் அந்த மண்ணைத் தொட்டது இல்லை.

பயம் வீணானது அல்ல. ஓர் இடத்தில் சும்மா கிடக்கும் உயிர், வேறு இடத்துக்கு வந்தால் எமனாக மாறலாம். நம் ஏரி குளங்களைப் பாருங்கள். ஆகாயத் தாமரை மண்டிக் கிடக்கிறது. பெயர்தான் ஆகாயத் தாமரை. அது ஆகாயத்தில் இருந்து வரவில்லை. தென் அமெரிக்காவில் இருந்து வந்தது. பூ அழகாக இருக்கிறது என்று கொண்டு வந்தார்கள். இன்று குளத்தையே அடைத்து நிற்கிறது. பிடுங்கப் பிடுங்க வளர்கிறது.

ஒரே பூமிக்குள் இடம் மாறிய செடியே இப்படி என்றால், வேறு உலகத்தில் இருந்து வரும் பொருளை எவ்வளவு ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும்?

ஆகவே அமெரிக்காவில் ஒரு கமிட்டி போட்டார்கள். விண்வெளி இலாகா, சுகாதார இலாகா, விவசாய இலாகா எல்லோரும் அதில் இருந்தார்கள். "சந்திரனைத் தொட்டவர்களையும், தொட்ட பொருளையும் மூன்று வாரம் தனியே வைக்க வேண்டும்" என்று முடிவு செய்தார்கள்.

இது புதிய வழக்கம் அல்ல. அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்ட வேலைக்காக இலங்கைக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் சில நாள் தங்க வைப்பார்கள். நோய் இல்லை என்று தெரிந்த பிறகே கப்பல் ஏற்றுவார்கள். அதே வழக்கம்தான் சந்திரனுக்குப் போய் வந்தவர்களுக்கும்.

கரப்பான் பூச்சிக்கு நிலா விருந்து

சந்திர மண்ணுக்காக ஹூஸ்டன் நகரில் தனியாக ஓர் ஆராய்ச்சிக் கூடம் கட்டினார்கள். மண்ணை யாரும் வெறும் கையால் தொட முடியாது. மூடிய பெட்டிக்குள் மண் இருக்கும். பெட்டியின் சுவரிலேயே நீண்ட கையுறை பொருத்தி இருக்கும். வெளியே நின்று கையுறைக்குள் கையை விட்டு வேலை செய்ய வேண்டும்.

பிறகு சோதனை தொடங்கியது. சந்திர மண்ணைப் பொடி செய்தார்கள். எலிகளுக்குக் கொடுத்தார்கள். காடைகளுக்குக் கொடுத்தார்கள். மீன், இறால், சிப்பி, ஈ, கரப்பான் பூச்சி எதையும் விடவில்லை. செடிகளின் மேலும் தூவினார்கள்.

என்ன ஆயிற்று? சந்திர நோய் எதுவும் தென்படவில்லை. கரப்பான் பூச்சி நிலா மண்ணைத் தின்றுவிட்டுச் சுகமாக இருந்தது!

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கரப்பான் பூச்சிகளின் வயிற்றில் இருந்து எடுத்த மண், 2022-ம் ஆண்டு அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. செத்த கரப்பான் பூச்சிகள் சிலவும் அதோடு சேர்த்து ஏலம்! அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா குறுக்கிட்டது. "அது எங்கள் மண். பூச்சியின் வயிற்றில் போனாலும் எங்களுடையதுதான்" என்று ஏலத்தை நிறுத்தச் சொன்னது. ஏலம் நின்றது.

கதவு திறந்த கதை

இனி முக்கியமான சேதிக்கு வருவோம். அவ்வளவு காவலும் ஒழுங்காக நடந்ததா?

நடக்கவில்லை!

வீரர்கள் இருந்த கூண்டு கடலில் வந்து விழுந்தது. கூண்டை மூடியபடியே பளு தூக்கியால் கப்பலுக்குத் தூக்கலாம் என்று முதலில் யோசித்தார்கள். அலையில் கூண்டு ஊசலாடி, உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து வரலாம் என்று அதைக் கைவிட்டார்கள். நடுக்கடலிலேயே கூண்டின் கதவைத் திறந்தார்கள். நீச்சல் வீரர் ஒருவர் மூடு உடைகளை உள்ளே போட்டார். அதை அணிந்துகொண்டு மூன்று பேரும் ரப்பர் படகில் ஏறினார்கள். பிறகு அவர்கள் உடலை மருந்தால் துடைத்தார்கள். கூண்டின் கதவையும் மருந்தால் கழுவினார்கள்.

எல்லாம் சரி. ஆனால் கதவு திறந்தபோதே உள்ளே இருந்த காற்று வெளியே வந்துவிட்டது! அந்தக் காற்றில் சந்திரத் தூசியும் இருந்திருக்கும். கிருமி என்று ஒன்று இருந்திருந்தால், அது அப்போதே பசிபிக் கடலில் குதித்திருக்கும்.

அடைத்து வைத்த வண்டியைப் பாருங்கள். அதற்குள் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். எங்காவது விரிசல் இருந்தாலும், வெளிக் காற்றுதான் உள்ளே போகும். உள் காற்று வெளியே வராது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஆல்டிரின் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சேதி சொன்னார். தரையில் ஒரு விரிசல் இருந்ததாம். அதன் வழியாக எறும்புகள் போய் வந்துகொண்டு இருந்தனவாம்! காற்றுக்குத்தான் கட்டுப்பாடு. எறும்புக்கு யார் கட்டுப்பாடு போடுவது?

ஆராய்ச்சிக் கூடத்திலும் கையுறை கிழிந்தது. மண் பட்ட ஊழியர்களையும் காவலில் வைக்க வேண்டியதாயிற்று.

2023-ல் வரலாற்று ஆராய்ச்சியாளர் ஒருவர் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் பார்த்தார். இந்த ஓட்டைகள் அதிகாரிகளுக்கு அப்போதே தெரியும் என்று அவர் எழுதியிருக்கிறார்.

சந்திரனில் கிருமி இல்லை. அதனால் பூமி பிழைத்தது. காவலால் பிழைத்தது என்று சொல்ல முடியாது.

கடித்தது கிருமி அல்ல, தூசி!

அடுத்தடுத்து சந்திரனுக்கு ஆட்கள் போனார்கள். 1971-ம் ஆண்டு அப்பல்லோ-15 வீரர்கள் திரும்பியபோது தனிக் காவலையே எடுத்துவிட்டார்கள். சந்திர மண்ணில் உயிர் இல்லை என்பது உறுதியாகிவிட்டது.

ஆனால் அந்த மண் முழுச் சாது என்று நினைக்க வேண்டாம். சந்திரனில் காற்றும் மழையும் இல்லை. ஆகவே மண் துகள்கள் தேயவே இல்லை. உடைந்த கண்ணாடி போலக் கூராக இருக்கின்றன. 1972-ல் போன அப்பல்லோ-17 வீரர் ஷ்மிட், அந்தத் தூசியை மூச்சில் இழுத்துவிட்டார். மூக்கடைப்பும் தும்மலும் வந்தன. "சந்திர ஜலதோஷம்" என்று வேடிக்கையாகச் சொன்னாலும், சந்திரனில் வீடு கட்டப் போகிறவர்களுக்கு இது பெரிய கவலை.

செடி விஷயமும் அப்படித்தான். 2022-ல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில், அசல் சந்திர மண்ணில் விதை போட்டார்கள். கடுகு இனத்தைச் சேர்ந்த சிறு செடி அது. முளைத்தது! உலகமே வியந்தது. ஆனால் செடி குன்றிப் போய், தவித்துத் தவித்துத்தான் வளர்ந்தது.

நாம்தான் எதிரியா?

"வானத்து மண்ணால் நமக்கு ஆபத்து வருமா?" என்று இதுவரை பார்த்தோம். இப்போது திருப்பிக் கேளுங்கள். நம்மால் அந்த மண்ணுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. அதுதான் அடிக்கடி நடக்கிறது.

1967-ல் சர்வேயர்-3 என்ற கலம் ஆள் இல்லாமல் சந்திரனில் இறங்கியது. 1969 நவம்பரில் அப்பல்லோ-12 வீரர்கள் அதன் பக்கத்தில் போய் இறங்கி, அதில் இருந்த காமிராவைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். காமிராவுக்குள் இருந்த பஞ்சு போன்ற பொருளில் ஒரு கிருமி இருந்தது! மனிதரின் வாயிலும் தொண்டையிலும் வசிக்கும் சாதாரணக் கிருமி அது. "இரண்டரை ஆண்டு சந்திரனில் உயிரோடு இருந்தது" என்று பரபரப்பாகப் பேசினார்கள். பிற்காலத்தில் அந்தச் சோதனையை மறுபடி ஆராய்ந்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். காமிராவைப் பூமியில் பிரித்துப் பார்த்தபோதே அந்தக் கிருமி ஒட்டியிருக்கலாம் என்றார்கள்.

இன்னொரு சம்பவம் அண்மையில் நடந்தது. ஜப்பான் நாட்டின் ஹயபுசா-2 என்ற கலம், ரியுகு என்ற சிறு கோளில் இருந்து 5.4 கிராம் மண்ணை 2020 டிசம்பரில் கொண்டு வந்தது. அதில் ஒரு துகள் லண்டனுக்குப் போனது. அங்கே விஞ்ஞானிகள் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். துகளின் மேல் நூல் நூலாக ஏதோ தெரிந்தது. நாளுக்கு நாள் அவை பெருகின. உயிர்!

வேறு உலகத்து உயிரா? இல்லை. நம் பூமியின் கிருமிகள்தான். துகள் மீது பூமிக் காற்று பட்டதும், அவை குடியேறிவிட்டன. எண்ணிக்கை கூடியதையும் பிறகு குறைந்ததையும் கணக்கெடுத்து, 2024-ல் விஞ்ஞானிகள் இதை வெளியிட்டார்கள்.

அந்தத் துகள் செவ்வாயில் இருந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "செவ்வாயில் உயிர்!" என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எல்லாம் பொய்யாகப் போயிருக்கும்.

ஒரு பிடி மண்ணின் விலை

இவ்வளவு பாடுபட்டு மண்ணை ஏன் கொண்டு வர வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

நம் பூமி பிறந்த காலத்துக் கல், பூமியில் இல்லை. மழை கரைத்துவிட்டது. எரிமலை உருக்கிவிட்டது. ஆனால் சந்திரனிலும் சிறு கோள்களிலும் அது அப்படியே கிடக்கிறது. நம் குடும்பத்தின் பழைய பத்திரம் பக்கத்து வீட்டுப் பரணில் இருப்பது போல!

அமெரிக்காவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் கலம், பென்னு என்ற சிறு கோளில் இருந்து 121.6 கிராம் மண்ணை 2023 செப்டம்பர் 24-ந் தேதி கொண்டு வந்து சேர்த்தது. அதன் பெட்டியில் 35 பூட்டாணிகள் இருந்தன. 33 கழன்றன. 2 கழலவில்லை. சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் வந்திருக்கும். விஞ்ஞானிகள் தட்டவில்லை. பூமியின் அழுக்கு உள்ளே போய்விடக் கூடாது என்று, அதற்கென்றே புதிய கருவி செய்தார்கள். பெட்டி முழுவதும் திறக்க 2024 ஜனவரி ஆயிற்று.

அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. 2025 ஜனவரியில் முடிவு வெளியாயிற்று. பருப்பிலும் முட்டையிலும் இருக்கிறதே, புரதச் சத்து? அதைக் கட்டும் செங்கல்லுக்கு அமினோ அமிலம் என்று பெயர். பூமியின் உயிர்கள் பயன்படுத்தும் செங்கல் 20 வகை. அதில் 14 வகை பென்னு மண்ணில் இருந்தன! தாயிடம் இருந்து பிள்ளைக்குப் போகும் மரபுக் குறிப்பை எழுதும் "எழுத்துகள்" ஐந்தும் இருந்தன. உப்புத் தண்ணீர் வற்றிய அடையாளமும் இருந்தது.

அங்கே உயிர் இருந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. உயிருக்கு வேண்டிய சாமான்கள் வானத்திலேயே தயாராகின்றன என்று அர்த்தம். மண் சுத்தமாக வந்ததால்தான் இதைத் துணிந்து சொல்ல முடிந்தது.

பழைய சந்திர மண்ணையும் அப்படித்தான் காத்தார்கள். ஆறு பயணங்களில் வந்தது 382 கிலோ. எல்லாவற்றையும் அன்றே செலவழிக்கவில்லை. 1972-ல் மண் எடுத்த ஒரு குழாயைச் சீல் வைத்து, திறக்காமலே வைத்திருந்தார்கள். "நம்மைவிட நல்ல கருவி வைத்திருக்கும் பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் திறக்கட்டும்" என்று விட்டுவைத்தார்கள். 2022-ல் திறந்தார்கள். 1972-ல் பிறக்காதவர்களும் அந்த மண்ணை ஆராய்ந்தார்கள்!

குடை விரியவில்லை!

மண்ணை ஜாக்கிரதையாக எடுத்தால் மட்டும் போதாது. ஜாக்கிரதையாக இறக்கவும் வேண்டும்.

2004-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி. ஜெனிசிஸ் என்ற அமெரிக்கக் கலம், சூரியனில் இருந்து வீசும் துகள்களைச் சேர்த்துக்கொண்டு திரும்பியது. பெட்டி தரையில் மோதினால் உள்ளே இருக்கும் தகடுகள் உடையும். ஆகவே பாராசூட்டில் தொங்கி வரும் பெட்டியை, நடு வானத்தில் ஹெலிகாப்டரின் கொக்கியில் மாட்டிப் பிடிக்க ஏற்பாடு. சினிமாவில் சாகசம் செய்யும் விமானிகள் ஹெலிகாப்டரோடு காத்திருந்தார்கள்.

பெட்டி வந்தது. பாராசூட் விரியவில்லை! மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், யூட்டா பாலைவனத்தில் "தொப்" என்று விழுந்து புதைந்தது. பெட்டி பிளந்தது. தகடுகள் தூள் ஆயின.

காரணம் என்ன? பாராசூட்டை விரிக்கச் சொல்லும் சின்னஞ்சிறு கருவி ஒன்று, வரைபடத்திலேயே தலைகீழாகப் போடப்பட்டுவிட்டது. அத்தனை அறிவாளிகளும் பார்த்தார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

விஞ்ஞானிகள் மனம் தளராமல் துண்டுகளைப் பொறுக்கினார்கள். கழுவினார்கள். சூரியனைப் பற்றிய நல்ல முடிவுகளையும் கண்டுபிடித்தார்கள். சூரியத் துகளில் கிருமி இல்லை. அதனால் யாருக்கும் தீங்கு இல்லை. ஆனால் அந்தப் பெட்டியில் இருந்தது செவ்வாய் மண்ணாக இருந்தால்?

இந்தக் கேள்விக்கு ஏற்ற ஒரு யோசனையும் உண்டு. செவ்வாய் மண்ணைக் கொண்டுவரும் பெட்டிக்கு அமெரிக்கர்கள் போட்ட திட்டத்தில் பாராசூட்டே இல்லை! விரியாமல் போகலாம் என்றால் அதை ஏன் நம்ப வேண்டும்? அப்படியே தரையில் மோதினாலும் உடையாத பெட்டியைச் செய்துவிட்டால் போதும் அல்லவா?

செவ்வாயில் காத்திருக்கும் குழாய்கள்

2021 பிப்ரவரியில் பெர்சிவரன்ஸ் என்ற அமெரிக்க ஊர்தி செவ்வாயில் இறங்கியது. பழைய காலத்தில் ஏரியாக இருந்த ஒரு பள்ளத்தில் அது ஊர்ந்து போகிறது. கல்லைத் துளைத்து, துண்டு எடுத்து, குழாயில் போட்டுச் சீல் வைக்கிறது. அவற்றில் 10 குழாய்களை ஓர் இடத்தில் தரையில் வைத்துவிட்டு வந்தது. "பின்னால் வருகிறவர் எடுத்துக்கொள்ளட்டும்" என்று!

2024 ஜூலையில் அது ஒரு விசித்திரமான கல்லைக் கண்டது. கல்லில் சிறுத்தைப் புள்ளி போலப் புள்ளிகள். பழங்காலத்தில் நுண்ணுயிர் வாழ்ந்திருந்தால், அது இப்படிப் புள்ளியை விட்டுப் போயிருக்கலாம். உயிர் இல்லாமலும் இப்படிப் புள்ளி வரலாம். அங்கே இருந்தபடி முடிவு சொல்ல முடியாது என்று 2025-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். அந்தத் துண்டு பூமிக்கு வர வேண்டும்.

யார் கொண்டு வருவது? பழைய திட்டப்படி போனால் செலவு 1,100 கோடி டாலர் வரை ஆகும், மண் வந்துசேர 2040 ஆகும் என்று 2024-ல் நாசாவே சொல்லிவிட்டது. அந்தத் திட்டம் தள்ளாடியது. சீனாவோ 2028 வாக்கில் கலம் அனுப்பி, 2031 வாக்கில் செவ்வாய் மண்ணைக் கொண்டு வரப் போவதாக அறிவித்திருக்கிறது.

"செவ்வாய்க் கல் ஏற்கனவே வந்திருக்கிறதே!"

"இதற்கெல்லாம் ஏன் பயம்? செவ்வாய்க் கல் தானாகவே பூமியில் விழுந்திருக்கிறதே!" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். நம் நாட்டிலேயே விழுந்திருக்கிறது.

1865-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி, பீகாரில் ஷெர்காட்டி என்ற ஊரில் வானத்தில் இருந்து ஒரு கல் விழுந்தது. அது எங்கே இருந்து வந்தது என்று நூறு ஆண்டுக்கு மேல் யாருக்கும் தெரியாது. பிறகு அதே இனத்தைச் சேர்ந்த ஒரு கல் அண்டார்டிகா பனிப் பாலைவனத்தில் கிடைத்தது. அதற்குள் சிக்கியிருந்த வாயு, செவ்வாய்க் காற்றோடு அப்படியே ஒத்திருந்தது. ஷெர்காட்டிக் கல்லும் செவ்வாய்க் கல் என்று தெரிந்தது. இப்படி நூற்றுக்கணக்கான கற்கள் கிடைத்திருக்கின்றன. யாருக்கும் நோய் வரவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் கற்கள் பெரிய மோதலில் சிதறிக் கிளம்பியவை. பல லட்சம் ஆண்டுகள் வானத்தில் சுற்றியவை. கொடிய கதிர்கள் அவற்றைச் சுட்டன. உயிர் ஏதும் இருந்தாலும் பிழைத்து வருவது அபூர்வம். குழாய் மண் அப்படி அல்ல. சீல் வைத்த குழாயில், பத்திரமாக, சில ஆண்டுகளிலேயே வந்து சேரும். கால்நடையாக வந்தவனும் காரில் வந்தவனும் ஒன்றா?

செவ்வாய் மண்ணால் ஆபத்து வருவது மிக மிகக் குறைவு என்பதே விஞ்ஞானிகளின் கருத்து. ஆனால் "அறவே இல்லை" என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை.

இரண்டு பூட்டு வேண்டும்

சரி, என்ன செய்ய வேண்டும்? இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது.

கொடிய கிருமிகளை ஆராயும் கூடங்கள் உலகில் இருக்கின்றன. நம் நாட்டிலும் புனே நகரில் இருக்கிறது. அங்கே அறைக்குள் காற்றின் அழுத்தம் குறைவாக இருக்கும். வெளிக் காற்று உள்ளே போகும். உள் காற்று வெளியே வராது. ஆகவே கிருமி தப்பாது.

வானத்து மண்ணைச் சுத்தமாக வைக்கும் அறை இதற்கு நேர் எதிர். அங்கே காற்றின் அழுத்தம் அதிகம். உள் காற்று வெளியே போகும். வெளித் தூசி உள்ளே வராது. ஆகவே மண் கெடாது.

செவ்வாய் மண்ணுக்கு இரண்டும் வேண்டும்! உள்ளே இருப்பது வெளியே போகக் கூடாது. வெளியே இருப்பது உள்ளே வரக் கூடாது. முதல் பூட்டு தவறினால் ஊருக்கு ஆபத்து. இரண்டாவது பூட்டு தவறினால், நம் வீட்டுக் கிருமியைச் செவ்வாய்க் கிருமி என்று நினைத்து ஏமாறுவோம். அல்லது உண்மையான செவ்வாய் உயிரையே "நம் கிருமிதான்" என்று தூக்கி எறிவோம்.

ஆகவே அறைக்குள் அறை, சுவருக்குள் சுவர் என்று புது விதமாகக் கட்ட வேண்டும். உள்ளே வேலை செய்ய ஆட்களைப் பழக்க வேண்டும். இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். கலம் கிளம்பிய பிறகு கட்ட ஆரம்பித்தால் அவசர வேலையாகிவிடும். அவசர வேலையில் எறும்பு நுழையும்!

இது ஒரு நாட்டின் சொந்த விஷயமும் அல்ல. 1967-ம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது. வேற்றுலகப் பொருளால் பூமிக்குக் கெடுதல் வராமல் நாடுகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதி இருக்கிறது. இந்தியாவும் அதில் சேர்ந்த நாடு. மண்ணைக் கொண்டு வருவது ஒரு நாடாக இருக்கலாம். தவறு நடந்தால் அனுபவிப்பது எல்லா நாட்டு மக்களும்தான்.

நாமும் வரிசையில் நிற்கிறோம்

நம் நாடும் வானத்து மண்ணைக் கொண்டு வரப் போகிறது. சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய மந்திரிசபை அனுமதி கொடுத்தது. சந்திரனில் இறங்கி, மண் எடுத்து, பூமிக்குத் திரும்ப வேண்டும். அதுதான் வேலை.

சந்திர மண்ணோடு நம் தமிழ்நாட்டுக்கு ஓர் உறவும் உண்டு. சந்திரயான் வண்டியை ஓட்டிப் பழக, சந்திர மண் போன்ற மண் வேண்டியிருந்தது. அதற்கான பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் கிடைத்தது. அந்தப் பாறையைப் பொடி செய்துதான் பெங்களூரில் நிலாத் தரை அமைத்தார்கள்.

சந்திர மண்ணுக்குத் தனிக் காவல் தேவை இல்லை என்பது எப்போதோ முடிவாகிவிட்டது. ஆனால் மண்ணைக் கெடாமல் காக்கும் சுத்தமான அறை நமக்கும் வேண்டும். அந்த வேலையில் இப்போதே கை பழகினால், நாளைக்குச் செவ்வாய் மண்ணைக் கையாளும் நாடுகளோடு நாமும் சரிசமமாக உட்கார்ந்து பேசலாம்.

1969-ல் மூன்று வாரக் காவல் போட்டார்கள். நடுக்கடலில் கதவைத் திறந்தார்கள். மண்ணில் ஒன்றும் இல்லாததால் உலகம் தப்பியது. அது அதிர்ஷ்டம்.

செவ்வாய் மண்ணுக்கு அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கக் கூடாது. அந்தக் குழாய்கள் செவ்வாயில் காத்திருக்கின்றன. அவசரம் இல்லை. விருந்தாளி வருவதற்குள் அறை தயாராக வேண்டும். பூட்டு இரண்டும் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறைக்குப் பத்து முறை பார்க்க வேண்டும். பிறகு தாராளமாகக் கதவைத் திறக்கலாம்.